காற்றைப் பழக்கிய வில்லிஸ் கேரியர்



இந்த மலரில் கவிதை எழுதும் நண்பர்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அது வராது. எனவே ஒரு என்ஜினீயரின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்த மொழியில் எழுதுகிறேன்.

காற்றைப் பற்றி சங்கரன்கோவில்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடித்தபசு சமயத்தில் மேற்கே மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றில், கொடியில் காயப்போட்ட துணி அடுத்த தெருவில் கிடக்கும். கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றும். ஆனால் சித்திரை, வைகாசியில்? இலை அசையாது. அதுவும் தறிக்கூடத்துக்குள் கேட்கவே வேண்டாம்!

எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அம்மா தார் சுற்றுகிறவர். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தறிக்கூடத்துக்குப் போய்விடுவேன். கோடை மத்தியானத்தில் அங்கே தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். வேர்த்து விறுவிறுத்து நிற்கிற ஆட்களுக்காகத்தான் தெளிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஆளுக்கு இல்லை, நூலுக்கு! காற்று காய்ந்துவிட்டால் பாவு நூல் இழை இழையாக அறுந்து போகும். அறுந்த இழையை முடிய வேண்டும் என்றால் தறியை நிறுத்த வேண்டும். தறி நின்றால் கூலியும் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நவீன ஏ.சி. இயந்திரமும் முதன்முதலில் ஆளுக்காகச் செய்யப்பட்டதல்ல. அது காகிதத்துக்காகச் செய்யப்பட்டது! செய்தவர், ஏ.சி.யின் தந்தை என்று உலகம் அழைக்கும் வில்லிஸ் ஹேவிலேண்ட் கேரியர்.

அவருக்கு முன்னால்

கேரியருக்கு முன்னால் குளிர்ச்சி என்பது எங்கிருந்தோ சுமந்து வரவேண்டிய சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் உறைந்த ஏரி, குளங்களில் பனிக்கட்டியை அறுத்தார்கள். அதை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, சென்னை வரைக்கும் கொண்டு வந்தார்கள். அதைச் சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினா கடற்கரைக்கு எதிரே விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அமெரிக்காவில் ஜான் காரி என்ற டாக்டர் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிரவைக்கப் பாடுபட்டு, பனிக்கட்டி செய்யும் இயந்திரத்துக்கு 1851இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் காற்றில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்று அளந்து, அந்த அளவிலேயே நிறுத்தி வைக்கும் வித்தை அதுவரை யாருக்கும் சரியாகக் கைவரவில்லை.

ஆப்பிளில் படித்த கணக்கு

1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரியை ஒட்டிய அங்கோலா என்ற சிற்றூரில் கேரியர் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு அவருக்குப் புரியவே இல்லை. அவருடைய அம்மா எலிசபெத் கோபப்படவில்லை. நிலவறையில் இருந்து ஆப்பிள் பழங்களை எடுத்துவரச் சொன்னார். அவற்றைப் பாதியாக, காலாக, அரைக்காலாக வெட்டினார். வெட்டிய துண்டுகளைச் சேர்த்தும் கழித்தும் காட்டினார். பையனுக்குக் கணக்கு விளங்கிவிட்டது. பெரிய சிக்கலையும் வெட்டிச் சிறுசாக்கினால் தீர்த்துவிடலாம் என்ற பாடத்தை அன்று படித்ததாகக் கேரியர் கடைசிவரை நினைவில் வைத்திருந்தார். அந்த அம்மா அவருடைய 11ஆவது வயதிலேயே இறந்துபோனார்.

எனக்கு முதல் வருஷம் கணக்கில் அரியர். வீட்டில் சொல்லாமல் ஒரு மாதம் மறைத்து வைத்திருந்தேன். படிப்பை விட்டுவிட்டுத் தறிக்கே போய்விடலாம் என்றுகூட முடிவு செய்தேன். அப்போதுதான் எங்கள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இந்த ஆப்பிள் கதையைச் சொன்னார். அன்று ராத்திரி அம்மா தார் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்க அம்மாவுக்குப் பின்னம் என்ற வார்த்தை தெரியாது. ஆனால் ஒரு சிட்டம் நூலைப் பார்த்தால் எத்தனை தார் வரும், மிச்சம் எவ்வளவு நிற்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். கணக்கு நம் வீட்டிலும் இருக்கிறது, புத்தகத்தில்தான் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது என்று எனக்குப் பட்டது. அடுத்த முறை பாஸ் செய்துவிட்டேன்.

படிப்பும் முதல் வேலையும்

கேரியர் 1894இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது அமெரிக்கா முழுக்கப் பண நெருக்கடி. கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்தில் வசதி இல்லை. சில வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனாலும் ஆசையை விடவில்லை. 1897இல் அரசாங்க உதவித்தொகை பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை சாப்பாட்டுக்குப் பற்றாதே? அதனால் அடுத்தவர் வீட்டில் புல் வெட்டினார், அடுப்புக்குக் கரி போட்டார். நண்பரோடு சேர்ந்து மாணவர்களின் துணி வெளுக்கும் கூட்டுறவு ஒன்றையும் நடத்தினார். விடுமுறையில் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் நண்பர்கள் நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலை குனிய வேண்டியதே இல்லை.

1901இல் என்ஜினீயர் பட்டம் பெற்று, பஃபலோ நகரத்தில் பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். சூடேற்றும் கருவிகளும் காற்றாடிகளும் செய்யும் கம்பெனி அது. சேர்ந்த ஒரே வருஷத்தில் அவர் பெயரை நிலைக்க வைத்த வேலை வந்தது.

காகிதத்துக்கு வந்த வியாதி

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட் வில்ஹெம்ஸ் என்ற அச்சகம் இருந்தது. வண்ணப் படம் அச்சடிக்கும்போது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் என்று ஒரே காகிதம் பலமுறை இயந்திரத்துக்குள் போகும். கோடையில் காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும். காய்ந்தால் சுருங்கும். நேற்று அடித்த சிவப்பின் மேல் இன்று அடிக்கிற நீலம் சரியாக உட்காராது. படம் கோணலாகிக் காகிதம் அத்தனையும் வீண்!

நம்ம ஊர் பாவு நூலுக்கு வந்த அதே வியாதி. காய்ச்சல்தான் வேறு.

25 வயது கேரியர் அந்த அச்சகத்துக்காக வரைந்த வரைபடத்தில் உள்ள தேதி 1902 ஜூலை 17. நவீன ஏ.சி.யின் பிறந்த நாளாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அவர் வகுத்த அளவு இது: குளிர்காலத்தில் 70 டிகிரி ஃபாரன்ஹீட், கோடையில் 80 டிகிரி, ஆண்டு முழுக்க ஈரப்பதம் 55 சதவீதம். நம்ம கணக்கில் 80 டிகிரி என்பது சுமார் 27 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள ஈரத்தைப் பிரித்து எடுத்தார்.

பனிமூட்டத்தில் கிடைத்த யோசனை

அதே 1902இன் கடைசியில், ஒரு குளிர்ந்த இரவில் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் கேரியர் வண்டிக்காகக் காத்திருந்தார். பிளாட்பாரம் முழுக்கப் பனிமூட்டம். மற்றவர்கள் கோட்டை இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். கேரியர் பனிமூட்டத்தையே பார்த்தார். இந்தக் காற்று ஈரத்தால் நிரம்பி வழிகிறது. ஆனால் குளிராக இருப்பதால் அது தாங்கியிருக்கும் மொத்த ஈரமோ குறைவு. அப்படியானால் நாமே ஒரு பனிமூட்டத்தை உண்டாக்கி, அதன் வெப்பநிலையை மட்டும் கட்டுப்படுத்தினால், காற்றில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் அல்லவா?

விஷயம் இதுதான்: காற்றைக் காயவைக்க அதன்மேல் தண்ணீரைத் தெளிப்பது! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பை நினைத்துப் பாருங்கள். செம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும். அந்தத் தண்ணீர் செம்புக்குள்ளிருந்து வந்ததல்ல, காற்றிலிருந்து வந்தது. குளிர்ந்த நீர்த்துளி ஒவ்வொன்றும் ஒரு சின்னச் செம்பு. அது காற்றின் ஈரத்தைத் தன்மேல் படிய வைத்துக்கொண்டு விழுந்துவிடும். இந்தக் கருவிக்கு 1906 ஜனவரி 2ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

பருத்தி மில்களும் பட்டு மில்களும் அவரைத் தேடின. 1907இல் ஜப்பானின் யோகஹாமா பட்டு மில்லுக்கு அவருடைய கருவி கப்பலேறியது. ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை 1906இல் சூட்டியவரும் ஸ்டுவர்ட் கிரேமர் என்ற ஜவுளி மில் என்ஜினீயர்தான். ஆக ஏ.சி.க்குப் பெயர் வைத்ததே நம்ம நூல்காரர்கள்!

1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன், காற்றின் சூட்டையும் ஈரத்தையும் இணைக்கும் தன் சூத்திரங்களைக் கேரியர் படித்தார். பரீட்சையில் நம்மைப் பயமுறுத்தும் சைக்ரோமெட்ரிக் சார்ட் இருக்கிறதே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

1914இல் உலகப் போர் வந்தது. கம்பெனி தன் செலவைக் குறைக்க, கேரியர் குழுவுக்கு வேலை போகும் நிலை. அவரும் ஆறு நண்பர்களும் சேர்ந்து 32,600 டாலர் திரட்டி, 1915இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்.

ஆளுக்கு வந்த காற்று

அதுவரைக்கும் காகிதம், நூல், பட்டு. பெரும்பாலும் சரக்குக்கே! 1922இல் கேரியர் புதுவகைக் குளிரூட்டும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். ஆபத்தான அம்மோனியா வாயு அதில் இல்லை. எனவே ஜனங்கள் கூடும் இடத்திலும் தைரியமாக வைக்கலாம். 1924இல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் கடையில் வைத்தார்கள். 1925 கோடை தொடக்கத்தில் நியூயார்க் ரிவோலி சினிமா தியேட்டரில் வைத்தார்கள்.

அந்த ரிவோலி நாள் சுவாரஸ்யமானது. இயந்திரத்தை ஓடவைக்கத் தாமதமாகிவிட்டது. அரங்கம் நிறைந்துவிட்டது. ஜனங்கள் எல்லோரும் கையில் விசிறியோடு வீசிக்கொண்டிருந்தார்கள். பாரமவுண்ட் சினிமா அதிபர் அடால்ஃப் ஜூக்கர் மேல்மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கேரியருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மெல்ல மெல்லக் குளிர் பரவியது. ஒவ்வொருவராக விசிறியை மடியில் போட்டார்கள். கடைசியில் அரங்கம் முழுக்க ஒரு விசிறியும் அசையவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு தியேட்டர்கள் வரிசையில் நின்று ஏ.சி. வாங்கின.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய சில தியேட்டர்களில் குளிர்காற்றைத் தரையிலிருந்து விட்டார்கள். கால் விறைத்துப் போகும், தலை வேர்க்கும். கேரியர் கம்பெனியார் காற்றை மேலே கூரைப்பக்கமிருந்து இறக்கினார்கள். இயந்திரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், காற்று எந்த வழியாக வந்து ஆளைத் தொடுகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

குழாயின் கதை

உயரமான கட்டிடங்கள் வந்தபோது இதே பிரச்சினை வேறு உருவில் வந்தது. பெரிய பெரிய தகர டக்ட் மாடிக்கு மாடி இடத்தை அடைத்துக்கொண்டது. 1939 வாக்கில் கேரியர் அதற்கும் வழி கண்டார். மெல்லிய குழாயில் வேகமாகக் காற்றைச் செலுத்தி, ஒவ்வொரு அறை ஜன்னலின் அடியிலும் கொண்டு சேர்த்தார். இன்று வீடுகளில் போடும் வளையும் டக்ட் பரவலானது அவர் காலத்துக்குப் பிறகுதான். ஆனாலும் அது செய்வது அதே வேலை, காற்றைக் கடைசி அறை வரைக்கும் கொண்டு சேர்ப்பது.

வளையும் டக்ட் எப்படி இருக்கும்? கம்பிச் சுருள், அதைச் சுற்றி பிளாஸ்டிக் படலம், அதன்மேல் கண்ணாடிப் பஞ்சு, வெளியே பளபளப்பான உறை. துணிப்பை மாதிரி வளையும், லேசானது, வேலை சுலபம். ஆனால் அந்தச் சுலபத்தில்தான் ஆபத்து. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன கோடை விடுமுறையில் எங்க தெரு அண்ணன் ஒருவரோடு ஏ.சி. வேலைக்குப் போனேன். திருநெல்வேலியில் ஒரு வீடு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு யூனிட். அங்கிருந்து மூன்று அறைக்கு வளையும் டக்ட். கடைசி அறை என் பொறுப்பு. 25 அடிச் சுருளில் தேவை 18 அடிதான். மிச்சம் 7 அடியை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. காசு போட்ட சாமான் இல்லையா! பாம்பு மாதிரி நெளித்து மேலேயே திணித்துவிட்டு, மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிட்டு இறங்கிவிட்டேன்.

நாலாம் நாள் அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. கடைசி அறையில் காற்றே இல்லையாம். அந்த அறையில்தான் நடக்க முடியாத ஒரு பாட்டி படுத்திருந்தார். நாங்கள் போனபோது பனைஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அண்ணன் கேஸ் பார்த்தார், சரியாக இருந்தது. மோட்டார் பார்த்தார், அதுவும் சரி. பிறகு ஒன்றும் பேசாமல் என்னை மேலே ஏறச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தால், டக்ட் அங்கங்கே தொப்பை போட்டுத் தொங்குகிறது. கம்பி கட்டிய இடத்தில் குரல்வளையை நெரித்த மாதிரி இருக்கிறது.

வயலில் தண்ணீர் விடும் ஓஸ் மடங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். காற்றுக்கும் அதேதான். டக்ட் நீட்டி விடப்படாமல் சுருங்கி இருந்தால் உள்பக்கம் மடிப்பு மடிப்பாகிக் காற்றைத் தடுக்கும். கொஞ்சம் சுருங்கினாலே அழுத்த இழப்பு இரு மடங்கைத் தாண்டிவிடும். அன்று அண்ணன் சொன்ன விதிகளை அப்படியே தருகிறேன். தேவையான நீளம் மட்டும் வை, மிச்சத்தை அறு. முழுசாக இழுத்து நீட்டு. நாலு அடிக்கு ஒரு தாங்கல் கொடு. ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பட்டையால் கட்டு, கம்பி ஆகாது. ஓர் அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொங்க விடாதே. வளைவு டக்டின் விட்டத்தைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. மூட்டு வாயில் காற்றுக் கசிவு இருக்கவே கூடாது.

7 அடியை அறுத்தோம். இழுத்துக் கட்டினோம். கீழே வந்து ஜாலியில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தேன். படபடவென்று அடித்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த விசிறியைத் தலைமாட்டில் வைத்தார். அது போதும் எனக்கு.

இறுதிக் காலம்

கேரியரின் வாழ்க்கையில் துயரங்களும் உண்டு. முதல் மனைவி 1912இலும் இரண்டாம் மனைவி 1939இலும் இறந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கம்பெனி தள்ளாடியது. 1937இல் எல்லாத் தொழிற்சாலைகளையும் சிரக்கியூஸ் நகரில் ஒன்றாக்கி நிமிர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது, விமானங்களைச் சோதிக்க வானத்தின் உறைபனிக் குளிரைத் தரையிலேயே உண்டாக்கும் வேலையையும் செய்தார். 1950 அக்டோபர் 7ஆம் நாள் தமது 73ஆவது வயதில் நியூயார்க்கில் காலமானார்.

அவர் தந்த வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஏ.சி. மின்சாரத்தைக் குடிக்கிறது. அறைக்குள் இருக்கும் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. பிற்காலத்தில் ஏ.சி.க்குள் வந்த சில வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுத்ததால், 1987இல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. இதையும் சரிசெய்ய வேண்டியவர்கள் இனி வரும் என்ஜினீயர்கள்தான். அதாவது நாம்தான்.

நம்ம தறிக்கூடம்

கடைசியாக ஒன்று. இந்தச் சித்திரையில் ஒரு நாள் லேபிலிருந்து ஈரக்குமிழ் வெப்பமானியை அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனேன். தண்ணீர் தெளித்த பிறகு அளந்தேன். உலர் குமிழ் 36 டிகிரி, ஈரக்குமிழ் 28. சார்ட்டில் கோடு போட்டுப் பார்த்தால் ஈரப்பதம் சுமார் 55 சதவீதம்! 1902இல் கேரியர் காகிதத்துக்குக் கேட்ட அதே 55. ஆனால் அவர் கேட்ட சூடு 27 டிகிரி, எங்க அப்பா நிற்கும் இடத்தில் 36. காகிதத்துக்குக் கிடைத்தது, நூறு வருஷம் தாண்டியும் தறிக்காரருக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கூடத்துக்கு ஏ.சி. போட முடியாது, கட்டுப்படியாகாது. அதனால் எங்கள் குழுவின் இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒன்று செய்கிறோம். ஈரத் தட்டி, சின்ன பம்ப், ஒரு மின்விசிறி, அதிலிருந்து அம்மா தார் சுற்றும் இடத்துக்கும் அப்பா நிற்கும் இடத்துக்கும் இரண்டு வளையும் டக்ட். எதிர்ச் சுவரில் வெக்கை வெளியேற ஒரு வழி. ஈரக்குமிழ் 28 என்பதால் கணக்குப்படி காற்றை 30 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டு வரலாம். அந்த ஈரம் பாவு நூலுக்கும் நல்லது. கூடத்துக்காரரிடம் கேட்டிருக்கிறோம், ஒரு மூலையில் வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஜெயிக்குமா, தோற்குமா என்று இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது தெரிந்திருக்கும். தோற்றால் எங்கே தோற்றது என்று அளந்து பார்ப்போம்.

கணக்கில் அரியர் வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஒளித்து வைக்காதீர்கள். பெரிய பழத்தைத் துண்டு துண்டாக வெட்டுங்கள். வில்லிஸ் கேரியரின் அம்மா கற்றுக்கொடுத்தது அதுதான். நம் அம்மாக்களுக்கும் அது தெரியும்.



இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை,
சங்கரன்கோவில்.